ஒற்றை நட்சத்திரம்

மார்ச் 4, செவ்வாய்

டிபன் கடையில் அக்கா இன்று எனக்கு இரண்டு தடவை முட்டை கொண்டுவந்தாள். முதல் தட்டைக் காலி செய்து ஓரமாகத் தள்ளி வைத்திருந்தேன். இரண்டாவது தட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

"அக்கா, சாப்பிட்டாச்சே."

"இன்னொண்ணு சாப்பிட்டா தேஞ்சா போயிடுவீங்க, கண்ணாடிக்காரரே?"

பக்கத்து ஸ்டூலில் இருந்த தையற்காரர், "எனக்கு இன்னும் ஒண்ணுகூட வரல, இவருக்கு ரெட்டைப் பிரசவமா?" என்றார். எல்லாரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள், ஆனால் கொஞ்சம் தாமதமாக.

அந்தக் கடையில் யாருக்கும் பெயர் கிடையாது. அடுப்பில் நிற்பவர் அவளுக்கு அண்ணன், கல்லாவில் இருப்பவர் அண்ணி. அதனால் வாடிக்கைக்காரர்கள் எல்லாருக்குமே அவர்கள் அண்ணன், அண்ணி. பரிமாறுகிறவள் எல்லாருக்கும் அக்கா. அவளைவிட மூத்தவர்களுக்கும்.

மத்தியானம், கண்ணாடிக் கடையில் லென்ஸ் ஒன்றின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மகளிடமிருந்து செய்தி வந்தது. "ஞாயித்துக்கிழமை வரேன். ஒரு மணி நேரம்தான். வீட்டுக்கு வரல. வேற எங்கயாவது பாக்கலாம்."

பதினான்கு மாதம் கழித்து. அவள் அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் பஸ் ஏறிப் போனவள்.

லென்ஸ் வீணாகிவிட்டது.

மார்ச் 7, வெள்ளி

மகளிடம் அண்ணன் கடை என்று சொல்லிவிட்டேன். மூலை மேஜை. அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஞாயிறு தவறாமல் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்த இடம்தான். வேறு எங்கே போவது? எனக்குத் தெரிந்த மேஜை அது ஒன்றுதான்.

சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறேன். யாரைப் பெண் பார்க்கப் போகிறேனோ!

மார்ச் 9, ஞாயிறு

வந்தாள். இருபது நிமிஷம்கூட இல்லை.

இப்போது எழுத முடியாது.

அதே நாள், பிற்பகல்

எல்லாம் அந்தப் பொம்பளையால்தான். பேசிக்கொண்டிருந்தோம், மெதுவாகவாவது பேசிக்கொண்டிருந்தோம். அப்போது பார்த்து காபியை எடுத்துக்கொண்டு வருகிறாள். மகளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக, "பாப்பா! எப்போ வந்த? அம்மா வரலையா?"

அம்மா வரலையா!

அடக்கத்துக்கு வந்தவள். எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று என் மகளைக் கட்டிப்பிடித்து அழுதவள். அவள் வாயிலிருந்து இந்தக் கேள்வி. என் மகள் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அக்காவுக்குத் தான் என்ன சொன்னோம் என்று பாதி புரிந்து, பாதி புரியாமல் கை தடுமாறி, கோப்பை சாய்ந்து, சுடச்சுடக் காபி மகளின் மடியில்.

மகள் எழுந்தாள். பையை எடுத்தாள். போய்விட்டாள். அக்கா துணியோடு நின்றுகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து கைபேசியை எடுத்து அந்தக் கடைக்கு ஒரு மதிப்புரை எழுதினேன். முன்னே பின்னே எழுதியதில்லை. ஒரு நட்சத்திரம். "மூலை மேஜையில் என் குடும்பத்துக்கு நேர்ந்த அவமானத்தை மறக்க முடியாது. பரிமாறும் பெண்ணுக்கு நினைவு தப்புகிறது, கை நடுங்குகிறது. இரண்டு தடவை முட்டை வைக்கிறார். இறந்தவர்களை எங்கே என்று கேட்கிறார். அவரால் என் மகள் எழுந்து போனாள். இப்படிப்பட்டவரை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும், கடையில் அல்ல."

அனுப்பிய பிறகு மனசு லேசாக இருந்தது. பசித்தது. சாப்பிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

பதினோரு பேர் 'பயனுள்ளது' என்று அழுத்தியிருக்கிறார்கள். யார் இவர்கள்?

கடைக்குப் போகவில்லை. ஸ்டேஷன் வாசலில் நின்றபடி ஒரு பன்னைத் தின்றேன்.

மார்ச் 13, வியாழன்

தையற்காரர் கண்ணாடி வாங்க வந்தார். நான்தான் லென்ஸ் தேய்த்துப் பொருத்தியிருந்தேன். போட்டுப் பார்த்தார். "ஊசி முனை தெரியுது, ஊரும் தெரியுது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"விஷயம் தெரியுமா? எவனோ கண்டபடி எழுதிப் போட்டிருக்கான். அக்கா கடைக்கு வர்றதையே நிறுத்திட்டாங்க."

"அண்ணி நிறுத்திட்டாங்களா?"

"யாரு கண்டா? மாடியிலயே இருக்காங்களாம். எழுதினவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா, வாயை ரெட்டைத் தையல் போட்டு மூடிடுவேன்."

நான் கண்ணாடி உறையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். சுத்தமான உறை.

மார்ச் 15, சனி

போனேன். போகாமல் இருக்க முடியவில்லை.

அண்ணி கல்லாவுக்கும் மேஜைக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்க உட்கார்ந்தே பழகியவர். முழங்காலைப் பிடித்துப் பிடித்து நடந்தார். ரொட்டி கருகியிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. யாரும் பேசவும் இல்லை. தட்டில் கரண்டி படும் சத்தம் மட்டும். அக்கா இருந்தால் இந்த நேரத்துக்கு நாலு பேர் வம்பை இழுத்துப் போட்டிருப்பாள்.

"அக்கா எங்க?" என்று கேட்டேன். என்ன தைரியம் எனக்கு.

"மேல."

அவ்வளவுதான் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

நோட்டில்கூட உண்மையை எழுத மாட்டாயா? யார் படிக்கப் போகிறார்கள்?

சரி. எழுதுகிறேன்.

காபி கொட்டியதால் மகள் எழுந்து போகவில்லை. காபி கொட்டுவதற்கு முன்பே நாற்காலியைப் பின்னால் தள்ளியிருந்தாள். அதைப் பார்த்தேன். மதிப்புரை எழுதும்போதும் அது எனக்குத் தெரியும்.

அவள் கேட்டது ஒரே கேள்வி. "அம்மா என்னைக் கூப்பிடச் சொன்னாங்களா, இல்லையா?" இதற்காகத்தான் அத்தனை தூரம் வந்திருக்கிறாள்.

"இல்லம்மா. உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான் சொன்னா."

பொய். பச்சைப் பொய். அஞ்சு வாரம் ஆஸ்பத்திரியில கிடந்தா. ரெண்டாவது வாரத்துல இருந்து, "பாப்பாவுக்குச் சொல்லுங்க, பாப்பாவுக்குச் சொல்லுங்க"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. நாளைக்குச் சொல்றேன்னேன். டாக்டர் வரட்டும்னேன். கடைசியில, "பாப்பாகிட்ட சொல்லிட்டேன், லீவு கிடைச்சதும் வருவா"ன்னு அவகிட்டயும் ஒரு பொய். அவ கதவையே பார்த்துக்கிட்டு இருந்தா.

மகள் என் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். நாற்காலியைத் தள்ளினாள். அந்த நேரத்தில்தான் அக்கா வந்தாள். எனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று!

மார்ச் 17, திங்கள்

மதிப்புரையை அழித்துவிட்டேன். எட்டு நாள் இருந்திருக்கிறது.

மார்ச் 22, சனி

கடை திறக்கும் நேரத்துக்கே போய்விட்டேன். அண்ணன் மட்டும் அடுப்பருகே வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். மேஜைகள் மேல் நாற்காலிகள் கவிழ்ந்தே இருந்தன. நின்றுகொண்டே சொன்னேன்.

"அண்ணே, அந்த மதிப்புரை எழுதினது நான்தான்."

கத்தி நிற்கவில்லை. "தெரியும்."

"எப்படி?"

"மூலை மேஜைன்னு எழுதியிருந்தீங்க. அன்னிக்கு அங்க வேற யாரு உக்காந்தாங்க?"

அவரே பேசினார். "நீங்க எழுதினதுல அவளைப் பத்தி ஒண்ணும் பொய் இல்ல. நாலு மாசமா நாங்களும் பாத்துக்கிட்டுதான் இருந்தோம். தட்டை மேஜை மாத்தி வைப்பா. சர்க்கரையை ரெண்டு தடவை போடுவா. நான் இங்கேருந்தே சைகை காட்டுவேன், உங்க அண்ணி கல்லாவுலேருந்து இருமுவா. எப்படியோ ஓட்டிக்கிட்டு இருந்தோம். வர்றவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். யாரும் வாய் திறக்கல."

"அண்ணி படிச்சுட்டு..."

"அவ நிறுத்தல. என் தங்கச்சியே படிச்சுட்டா. யாரோ வந்தவங்க போனைக் காட்டி, இது நீங்களான்னு கேட்டிருக்காங்க. முழுசா படிச்சா. ஏப்ரனைக் கழட்டி ஆணியில மாட்டினா. உங்க அண்ணி அவ கையைப் பிடிச்சு இழுத்துப் பாத்தா. முடியல. மேல போயிட்டா."

வெங்காயத்தைத் தட்டில் தள்ளினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

"நான் மேல போய் மன்னிப்பு..."

"வேண்டாம். மறுபடி ஞாபகப்படுத்தாதீங்க. அதையாவது மறக்கட்டும்."

முட்டை போட்டுத் தந்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. சாப்பிட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

காய்ச்சல். லீவு.

ஏப்ரல் 6, ஞாயிறு

மகள் போன் செய்தாள். காலை பத்தே கால்.

"நான் அண்ணன் கடை மாடியில இருந்து பேசறேன்."

முதலில் எனக்குப் புரியவில்லை. மதிப்புரையை அழிப்பதற்கு முன்னாலேயே அவள் அதைப் படித்திருக்கிறாள். நான் எழுதியதுதான் என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது. அன்று காபியில் நனைந்த துணியோடு அக்காவை அப்படியே நிற்க விட்டுப் போனது அவளை உறுத்திக்கொண்டே இருந்ததாம். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள். என் பெண். நான் செய்ய வேண்டியதைச் செய்ய, அத்தனை தூரம்.

"அக்கா என்னைப் பாத்ததும் என்ன சொன்னாங்க தெரியுமா?" என்றாள். குரல் நிதானமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நீ இன்னும் இங்கயா இருக்க? போ பாப்பா, உங்கம்மா உன்னையே கேட்டுக்கிட்டு இருக்காங்களாம். தினமும் உங்கப்பா ரொட்டி வாங்க வரும்போது சொல்றாரு. கூப்பிடுங்கன்னு நானும் தலைபாடா அடிச்சுக்கறேன், நாளைக்கு நாளைக்குங்கறாரு. நீ போ. இப்பவே போனா பாத்துடலாம்'னாங்க. செருப்பை எடுத்து என் கால்கிட்ட வெச்சாங்கப்பா."

ஆமாம். அந்த ஐந்து வாரமும் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து போய் அந்தக் கடையில்தான் ரொட்டி வாங்கினேன். அக்காவிடம் மட்டும்தான் சொன்னேன். அவள் திட்டினாள். அதை நானே மறந்திருந்தேன். மறந்தது மாதிரி இருந்தேன்.

"சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னா."

"எத்தனை தடவை?"

"எண்ணலம்மா."

வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 7, திங்கள்

ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 19, சனி

கடைக்குப் போனேன். அண்ணி காபியை வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"உங்க பொண்ணு போன ஞாயிறும் வந்துச்சு. அதுக்கு முந்தின ஞாயிறும் வந்துச்சு. அக்காவுக்குத் தலை வாரி விடுது, நகம் வெட்டி விடுது. எங்களுக்கெல்லாம் கையைக் குடுக்க மாட்டா, அதுக்குக் குடுக்கறா."

எனக்குத் தெரியாது. அவள் இந்த ஊருக்கு வந்து போவது எனக்குத் தெரியாது.

"நான் வரலாமா?"

"கடை எல்லாருக்கும்தான் திறந்திருக்கு" என்றார் அண்ணி. "மாடி அதுங்க இஷ்டம்."

ஏப்ரல் 27, ஞாயிறு

ஒன்பது மணிக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். மேலே அவர்கள் நடமாடும் சத்தம் கேட்டது. ஒரு தடவை அக்கா சத்தமாகச் சிரித்தாள். அண்ணன் கரண்டியை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்.

பதினொரு மணிக்கு மகள் இறங்கி வந்தாள். என்னைப் பார்த்தாள். நான் எழுந்தேன். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

மே 4, ஞாயிறு

அதேதான்.

மே 11, ஞாயிறு

இன்று இறங்கி வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அண்ணி கேட்காமலே காபி வைத்தார். பாதி குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அம்மாவுக்கு வலி இருந்துதா?"

"இருந்துச்சு. சாயங்காலத்துல அதிகம். ஊசி போட்டா ரெண்டு மணி நேரம் தூங்குவா."

தலையை ஆட்டினாள். காபியை முடித்துவிட்டுப் போனாள்.

மே 18, ஞாயிறு

"ஆஸ்பத்திரியில அம்மாவுக்கு யாரு தலை வாரி விட்டாங்க?"

"நான்தான். எனக்குப் பின்னத் தெரியல. ரப்பர் பேண்ட் போட்டுவிட்டேன்."

மே 25, ஞாயிறு

இன்று அவள் கேட்கவில்லை. மேலே அக்கா அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லையாம். யாரோ நர்ஸ் என்று நினைத்து, சம்பளம் எவ்வளவு என்று விசாரித்தாளாம். அண்ணியிடம் சொல்லிவிட்டு, என்னைத் தாண்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள். பின்னாலேயே போகலாமா என்று நினைத்தேன். போகவில்லை. போயிருக்கலாமோ?

தையற்காரருக்கும் இப்போது எல்லாம் தெரியும். நானே சொன்னேன். ஒரு வாரம் இரண்டு ஸ்டூல் தள்ளி உட்கார்ந்தார். இப்போது ஒரு ஸ்டூல்.

ஜூன் 1, ஞாயிறு

மழை. கடையில் நாங்களும் அண்ணனும் அண்ணியும் மட்டும். மகள் இறங்கி வந்து நனைந்த குடையைக் காலடியில் வைத்தாள்.

"ஏன் கூப்பிடல?"

இந்தக் கேள்வி ஒருநாள் வரும் என்று தெரியும். உன் பரீட்சை, உன் வேலை, டாக்டர் சொன்னது என்று ஏழெட்டுப் பதில்களை வரிசையாக வைத்திருந்தேன். அண்ணன் அடுப்பைச் சின்னதாக்கினார். கேட்காதது மாதிரி திரும்பி நின்றார்.

"உன்னைக் கூப்பிட்டா, அவ போகப் போறான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு பயமா இருந்துச்சு. நீ வராத வரைக்கும் அவ வீட்டுக்கு வந்துடுவான்னு தோணுச்சு. என் பயத்துக்காக உங்க ரெண்டு பேரையும் பாத்துக்க விடாம பண்ணிட்டேன்."

அவள் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. என் கையைத் தொடவும் இல்லை. மழை கொஞ்சம் விட்டதும் எழுந்து குடையை எடுத்தாள்.

"அடுத்த வாரம் எனக்கு வேலை இருக்கு," என்றாள் கதவருகே நின்று. "அதுக்கு அடுத்த ஞாயிறு வரேன். பத்து மணிக்கு மேல வாங்க. அக்காவைக் குளிப்பாட்ட ரெண்டு வாளி வெந்நீர் மாடிக்குத் தூக்கணும். அண்ணியால முடியல."