செம்புத் தகடு போட்ட மோட்டார்

எம். புதுப்பட்டி
18-11-1962

தாயி அய்யம்மாளுக்கு அண்ணன் பெத்தணன் எழுதுறது.

மாப்பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நான் எப்பச் சொன்னேன்? கடல்ல ஓடுற உங்க போட்டுக்கு முன்னாடி மோட்டாரை மாட்டுன்னு சொன்னேன், அம்புட்டுதான். அதுக்குப் போயி உம் புருசன், "உங்கண்ணனுக்குக் கம்மாய்ல எருமை குளிப்பாட்டத்தான் தெரியும்"னு சொன்னாராமே. சொல்லட்டும். வண்டியில மாட்டை எங்க பூட்டுறோம்? முன்னாடியா, பின்னாடியா? பின்னாடி பூட்டுனா மாடு முட்டித் தள்ளிக்கிட்டுத்தான் போகணும். அதுவும் போக, பின்னாடிதான் அந்தப் பெட்ரோல் இஞ்சின் குத்தவச்சு உக்காந்திருக்கே. புதுசுக்கு அங்கன எங்க எடம்? இதை மாப்பிள்ளைகிட்டச் சத்தமாச் சொல்லு.

இங்கன கேக்கிறவுககிட்டல்லாம், எந் தங்கச்சி தூத்துக்குடியில மெதக்குற பங்களாவுல இருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன். அறை உண்டு, பெஞ்சு உண்டு, சன்னலுக்குத் திரை உண்டு, உப்பு முதலாளியோட சொந்தப் போட்டு, அதுக்குக் காவல் எங்க சோலைச்சாமி மாப்பிள்ளைன்னு. காதுல பஞ்சை அடைச்சுக்கிட்டு நீ அதுக்குள்ள முடங்கிக் கெடக்கிறதைச் சொல்லலை. நம்ம பட்டாசு ஆபீஸ்ல பக்கத்து ரூம் வெடிச்சதுல இருந்து ஒரு கரண்டி விழுந்தாக்கூட நீ சுருண்டுக்கிறதையும் சொல்லலை.

பொங்கலுக்கு மேல போட்டு தெனமும் ஓடணும்னு முதலாளி சொல்லிட்டாராமே. அந்த இஞ்சின் வெடி மாதிரி படபடன்னு ஓடுனா நீ அங்கன இருக்க முடியாது. ஓடலைன்னா மாப்பிள்ளைக்கு வேலை இல்லை. நல்லவேளைக்கு எந்தக் கப்பல்காரனோ இந்தப் பேட்டரி மோட்டாரை விட்டுட்டுப் போனான். மீனுக்குத் தெரியாமத் தூண்டில் போடுறவன் வச்சிருக்கிறதாம்ல, மூச்சுவிடுற சத்தம்கூட வராதாம்ல?

எனக்கு உள்ள ஆசையைச் சொல்லட்டா? அது பொத்துன்னு கடல்ல விழணும். நீ தகரப் பெட்டியத் தூக்கிக்கிட்டு எங்கிட்டயே வந்துரணும். உம் மதினி ராக்காயி கண்ணை மூடுனதுல இருந்து நான் வைக்கிற குழம்பை நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிருது.

அளவு அனுப்பு. முன்பக்கத்துக்குத் தோதா நானே பலகை செஞ்சு தர்றேன்.

அண்ணன்
பெத்தணன்

*

தூத்துக்குடி
27-11-1962

அண்ணனுக்கு அய்யம்மாள் எழுதிக்கொண்டது. நாங்க சொகம். நீக வேளைக்குச் சாப்பிடுறீகளா?

முன்னாடி மாட்டுறதுக்கு அவரு சம்மதிச்சுட்டாரு. "உங்கண்ணன் மாட்டுக் கணக்கு சரிதான்"னு சொல்லச் சொன்னாரு. ஆனா முன்பக்கம் போட்டு கூராச் சரிஞ்சிருக்கு. மோட்டாரோட அலுமினியப் பிடி அதுல உக்கார மாட்டேங்குது. நூல்ல முடிச்சுப் போட்டு அளவு அனுப்பியிருக்கேன். சிவப்பு நூல் அகலம். வெள்ளை நூல் நீளம்.

ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீக. போன பங்குனியில காலு ஒடிஞ்சு கெடக்கேன்னு கார்டு போட்டீக. பதறி அடிச்சு வந்து பாத்தா புளியமரத்து உச்சியில நின்னு உலுக்கிக்கிட்டு இருக்கீக. "வந்தியாடி, பழம் பெறக்கு"ன்னீக. உங்களுக்கு அது வெளையாட்டு. நான் வர்ற வழியில சாத்தூர் பஸ் ஸ்டாண்டுல கல்யாணக்காரங்க சரவெடி கொளுத்துனாங்க. நான் சேலை வெலகுனது தெரியாம ரோட்டுல கெடந்தேன். யாரோ ஒரு அம்மா மூடிவிட்டாங்க. அதை நான் உங்ககிட்டச் சொல்லவே இல்ல.

மோட்டார் கடல்ல விழணும்னு எழுதியிருக்கீக. அதைப் படிச்சு அவரு சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வரலை. இந்த ஒரு காரியத்துல மட்டும் வெளையாடாதீக அண்ணே. என்னைய மறுபடி அந்த ஊருக்கு இழுக்காதீக.

அய்யம்மாள்

*

எம். புதுப்பட்டி
20-12-1962

தாயி,

சாத்தூர் விசயம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா மரத்துல இருந்து நெசமாவே குதிச்சுக் காலை ஒடிச்சிருப்பேன். பொய்யும் உண்மையாப் போயிருக்கும்.

சாக்குல சுத்தி லாரிக்கார முத்துக்கருப்பன்கிட்டக் குடுத்துவிட்டிருக்கேன். வாகைப் பலகை. நல்லாக் காஞ்சது. மேல செம்புத் தகடு பதிச்சிருக்கேன், மோட்டார் பிடி அது மேல அசையாம உக்காரும். நாலு போல்ட்டும் செம்புதான், பட்டறையில சொல்லிக் கடைஞ்சது. பட்டறைக்காரன், "தாத்தா, இரும்புல போட்டா நாளைக்கே தந்துருவேன்"னான். "உன் மூஞ்சி, அங்கன இருக்கிறது யாரு தெரியுமாலே"ன்னேன்.

வெடிமருந்து ரூமுக்கு நாம இரும்புச் சாவியக்கூட மடியில வச்சுக்கிட்டுப் போனது கெடையாது. ஆணி செம்பு, அதை அடிக்கிற கொட்டாப்புளி மரம். செம்பு ஒருநாளும் நம்மளை ஏமாத்துனதில்ல. நீ தலைவச்சுப் படுக்கிற எடத்துக்கு முன்னாடி ஒரு பொட்டு இரும்பு இருக்கப்படாது, ஒரு பொறி பறந்துரப்படாதுன்னு பாத்துப் பாத்துச் செஞ்சேன். மாப்பிள்ளை அவசரத்துக்கு இரும்பு ஆணி எதையும் அடிச்சு வச்சுறாமப் பாத்துக்கோ.

தகடு ஏதுன்னு கேக்காத. சரி, கேட்டுட்ட. ராக்காயியோட செம்புப் பானையை வெட்டுனதுதான். நான் ஒருத்தன் குடிக்கிற தண்ணிக்குச் சொம்பு போதும். அவ இருந்திருந்தா அந்தப் பானையாலயே என் மண்டையில போட்டிருப்பா.

பெத்தணன்

*

தூத்துக்குடி
19-1-1963

அண்ணே,

மாட்டியாச்சு. ஓடுது.

பொங்கல் அன்னிக்கி ஓட்டிப் பாத்தோம். பலகை அளவு எடுத்துத் தச்ச சட்டை மாதிரி உக்காந்துக்கிருச்சு. லாரி பேட்டரி ரெண்டைப் பெஞ்சுக்கு அடியில வச்சு வயர் இழுத்தாரு. கைப்பிடியத் திருப்புனாரு. போட்டு நகருது, எனக்குத் தெரியவே இல்ல. கரை பின்னாடி போறதைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அவரு கையைக் காட்டி ஏதோ சொன்னாரு. வெளங்கலை. பஞ்சை எடுத்துட்டு, "என்ன?"ன்னு கேட்டேன். "தண்ணி சத்தத்தைக் கேளு"ன்னாரு.

கேட்டேன் அண்ணே. பலகைக்கு அடியில பூனை பால் குடிக்கிற மாதிரி சத்தம். கரைக்கு வர்ற வரைக்கும் பஞ்சை வைக்கவே இல்ல. அவரு என்னையப் பாக்காம அந்தப் பக்கமாத் திரும்பி நின்னுக்கிட்டாரு. அவருக்குக் கண்ணு கலங்குனா அப்படித்தான் நிப்பாரு.

மதினி பானையை வெட்டிட்டீகளேன்னு மனசு கெடந்து அடிக்குது. தெனமும் தகட்டைப் புளி போட்டுத் தேய்ச்சு வைக்கேன். பளபளன்னு இருக்கு.

நீக ஒரு தடவை வாங்க. உங்களையும் ஏத்திக்கிட்டுப் போறோம்.

தங்கச்சி
அய்யம்மாள்

*

எம். புதுப்பட்டி
2-2-1963

தாயி,

உன் கடுதாசியை டீக்கடையில வச்சு எல்லாருக்கும் சத்தமா வாசிச்சேன். பூனை பால் குடிக்கிற எடத்துல ஊர்க்காவலன் துண்டால மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டான். வேர்வைன்னு சொல்றான், களவாணிப்பய.

உம் புருசன்கிட்டக் கேட்டுச் சொல்லு: மாடு எங்கிட்டு நின்னு இழுக்குதாம்? எழுத்துல எழுதி அனுப்பச் சொல்லு. சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டணும்.

எருமை குளிப்பாட்டுறவன் சித்திரையில வந்து போட்டுல ஏறுவான். உன்னைய இனிமே ஊருக்குக் கூப்பிட மாட்டேன். கூப்பிட்டா பொய்யின்னு வச்சுக்கோ.

பெத்தணன்

*

தூத்துக்குடி
29-3-1963

அண்ணனுக்கு,

மோட்டார் கடல்ல விழுந்துருச்சு. நீக எழுதுன மாதிரியே, பொத்துன்னு.

தீவுக்குப் போயிட்டுத் திரும்புறப்ப. முதலாளி வீட்டு விருந்தாளிங்க பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. நான் அறைக்குள்ள காப்பி ஆத்திக்கிட்டு இருந்தேன். பஞ்சு வைக்கலை. வைக்கிறதையே மறந்து போயிருந்தேன். திடீர்னு முன்பக்கம் ஒரு குலுக்கல். பலகை அப்படியே இருக்கு, தகடு இருக்கு, நாலு போல்ட்டும் அப்படியே இருக்கு. மோட்டாரை மட்டும் காணோம். வயர் அறுந்து தொங்குது.

காத்து போட்டைப் பாறைப் பக்கமாத் தள்ளுது. உள்ள பிள்ளைகளும் இருக்கு. அவரு அறை வாசல்ல வந்து நின்னு என் மூஞ்சியப் பாத்தாரு. பின்னாடி போயி பெட்ரோல் இஞ்சினை இழுத்து விட்டாரு.

அதுக்கப்புறம் நான் என்ன செஞ்சேன்னு எனக்குத் தெரியாது. அவரு கையில என் பல்லுத் தடம் இருக்கு. விருந்தாளிங்க பயந்துட்டாங்களாம். பைத்தியத்தைப் போட்டுல வச்சிருக்கியான்னு முதலாளி கேட்டாராம்.

ஒண்ணே ஒண்ணு கேக்கேன். வேணும்னே செஞ்சீகளா?

அய்யம்மாள்

*

எம். புதுப்பட்டி
3-4-1963

தாயி, தாயி,

இல்லை. இல்லவே இல்லை. ராக்காயி மேல சத்தியமா இல்லை. வெளையாட்டுக்கு எழுதுனதை வெனையா எடுத்துட்டியே. எழுத்து கோணுறதைப் பாரு, இது நடிப்பு இல்லை.

போல்ட்டு எப்படிம்மா விட்டுச்சு? அதுதான் விடவே இல்லைன்னு நீயே எழுதியிருக்க. பெறகு மோட்டார் எப்படி விழும்? எனக்கு ஒண்ணும் வெளங்கலை. டீக்கடையில சொன்னா, "பெருசு, நீ என்ன வேலை பாத்த?"ன்னு சிரிக்கானுக. நான் அழுதா இன்னும் சிரிக்கானுக. இந்த ஊர்ல நான் நெசத்தைச் சொல்லி ஒருத்தன் நம்பி எத்தனை வருசமாச்சுன்னு இப்பத்தான் ரோசிச்சுப் பாக்கேன்.

கால் ஒடிஞ்சது பொய். இது பொய் இல்லை. ரெண்டையும் ஒரே கையாலதான் எழுதுறேன், வேற கைக்கு நான் எங்க போவேன்?

பதில் போடு.

அண்ணன்

*

முத்தையாபுரம்
30-4-1963

அண்ணனுக்கு,

உங்க மூணு கார்டும் வந்துச்சு. போட்டை விட்டு எறங்கியாச்சு. ரெண்டு பேரும் உப்பளத்துல வேலைக்குச் சேந்துட்டோம். வெயிலுல கண்ணு எரியுது, கால் வெடிச்சுப் போச்சு. ஆனா இங்க சத்தம் இல்ல. வரப்பு முழுக்க வெள்ளையா, அமைதியா இருக்கு.

புதுப்பட்டிக்கு வரமாட்டேன். அதுக்காக நீக எதுவும் எழுத வேண்டாம்.

அய்யம்மாள்

*

முத்தையாபுரம் உப்பளம்
12-5-1963, மத்தியானம்

தாயி,

உன் முன்னாடி உக்காந்துக்கிட்டே உனக்குக் கடுதாசி எழுதுறேன். காதுல பஞ்சை எடுக்கமாட்டேங்குற. வேற எப்படிப் பேச? பட்டாசு லேபிளுக்குப் பின்பக்கம்தான் பேப்பர், கையில இதுதான் கெடைச்சது. படத்தைப் பாக்காத, எழுத்தை மட்டும் பாரு. மொறைக்காத. என் தோளுக்குப் பின்னாடி நின்னே படி, எனக்கும் உன் மூஞ்சியப் பாத்தா எழுத வராது.

காலையில மாப்பிள்ளைகூடப் போயி போட்டுல அந்தப் பலகையப் பாத்தேன். போல்ட்டைச் சுத்தி வெள்ளையா மாவு மாதிரி பொங்கி நிக்குது. தகட்டு மேலயும் அதே மாவு. நகத்தால சுரண்டுனேன், அலுமினியம் அப்பளம் மாதிரி நொறுங்கி வருது. பிடியில பாதி அங்கனயே ஒட்டிக் கெடக்கு. துறைமுகத்துல கப்பல் ரிப்பேர் பாக்கிற ஒருத்தர் வந்து பாத்துட்டு, "யாருய்யா இதைச் செஞ்சது?"ன்னாரு. நாந்தான்னேன். "உப்புத்தண்ணியில செம்பும் அலுமினியமும் சேந்து இருக்கப்படாது பெரியவரே. செம்பு அதைத் தின்னுரும். இரும்புல போட்டிருந்தாக்கூட இன்னும் கொஞ்ச நாள் நின்னிருக்கும்"னாரு.

இரும்பாம் தாயி. இரும்பு.

நீ தெனமும் புளி போட்டுத் தேய்ச்சியே, செம்பு தின்ன மிச்ச மாவைத்தான் தேய்ச்சு எடுத்திருக்க. உன்னையச் சொல்லலை, உன்னையச் சொல்லலை. மொறைக்காதன்னு சொன்னேன்ல.

நம்ம ஊர்ல ஏது கடல்? கம்மாயிலயே தண்ணி இல்ல. மருந்து ரூமுக்கு எது நல்லதோ அது எல்லா எடத்துக்கும் நல்லதுன்னு நெனைச்சுட்டேன். வேணும்னு செய்யிறவன் ராக்காயி பானைய வெட்டுவானா? பழைய தகரம் கெடைக்காதா எனக்கு? நான் உன்னைய ஊருக்குக் கூப்பிட வரலை. சத்தியமா வரலை. வேணும்னா நான் இங்கன வந்துர்றேன். உப்பு அள்ளுறேன். ஒரு வெளையாட்டுப் பேச்சும் பேசமாட்டேன், வாயில உப்பைக் கட்டிக்கிறேன். நீ ஒரே ஒரு தடவை அந்தப் பஞ்சை எடுத்துட்டு, நான் வேணும்னு செய்யலைன்னு என் வாயால சொல்றதைக்

ஏ தாயி. கணக்கப்பிள்ளை இன்னும் வேலைக்குக் கூப்பிடவே இல்லையே. உப்புக் கூடைய ஏன் எடுக்குற? ரெண்டே வரிதான் பாக்கி. நில்லு. வரப்பு வழுக்கும், பாத்துப் போ. அய்யம்மா, இங்க பாரு, நான் என்ன சொல்ல வந்தேன்னா