கோழிக்கூட்டில் உங்கள் அழுங்கு

கோழிக்கூட்டைத் திறந்தால் புற்றுமண் மணக்கிறது. நீங்கள் வயலால் வந்து கழற்றிப் போடும் சட்டையின் மணம். முந்தநாள் பொழுதுபடும் நேரம் வேலியோரப் புற்றைக் கிண்டிக்கொண்டு நின்றது உங்கள் அழுங்குதான். வால் நுனியில் செதில் உடைந்த இடம் எனக்குத் தெரியாதா? சாக்கைப் போட்டுப் பிடித்துக் கூட்டுக்குள் அடைத்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பிடித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஊரில் எல்லாரும் நாய், பூனை வளர்க்க, நீங்கள் தாயில்லாத அழுங்குக் குட்டியைச் சாரத்துக்குள் சுற்றிக்கொண்டு வந்தீர்கள். எறும்பும் கறையானும் தவிர வேறொன்றும் தின்னாது என்று தெரிந்த பிறகு, பின்னேரங்களில் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு கண்டாவளை வயல் வரம்புகளில் புற்றுப் புற்றாகத் திரிந்தீர்கள். நகங்களால் உங்கள் தோளை இறுக்கிப் பிடித்திருக்கும். கட்டின மனுசி நான் ஆட்டுக்குக் குழை வெட்டச் சொன்னால் மட்டும் நேரமில்லை என்பீர்கள்.

வளர்ந்ததும் நீங்களே காட்டுக்கரையில் கொண்டுபோய் விட்டீர்கள். அது முற்றத்துக்குத் திரும்பி வந்தால், பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். வைத்துக்கொள்ளுவோம் என்று நான் மன்றாடியபோது, "இஞ்சேர், அதின்ர பிடியை விட உன்ரதுதான் அழுங்குப்பிடி" என்று சிரித்தீர்கள். கண் கலங்கியிருந்தது.

கடைசியில் ஆஸ்பத்திரியில் மூச்சு நின்ற பிறகும் உங்கள் கையை நான் விடவே இல்லை. தாதிதான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

இப்போது அது பந்தாகச் சுருண்டு கிடக்கிறது. கறையான் கட்டியை உடைத்து வைத்தேன், தொடவில்லை. உங்களைப்போல நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டேன், இன்னும் இறுகியது. கூட்டை ஏன் சாக்கால் மூடியிருக்கிறாய் என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்க, கோழி அடை கிடக்கிறது என்று பொய் சொன்னேன். அவர் போன பிறகு என்னை நினைக்க எனக்கே கூச்சமாக இருந்தது. அது எங்களை மறக்க வேண்டும் என்று நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், உங்கள் மணத்துக்காக அதைப் பட்டினி போட்டிருக்கிறேன்.

இன்று பொழுதுபடக் கதவைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் குந்தியிருந்தேன்.

"போ அப்பன், இனிப் பிடிக்கமாட்டன்."

அது அசையவில்லை. நான் அங்கே இருக்கும்வரை விரியாது என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. எழும்பிக் குசினிக்குள் வந்து அடுப்பை மூட்டினேன். வெளியே பலகையில் செதில் உரசும் சத்தம் கேட்டது. உங்களைப்போல நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கையில் புற்றுமண் மணம் இருக்கிறது. இன்னும் கழுவவில்லை. இதை மட்டும் வைத்துக்கொள்கிறேன், குறை நினைக்காதீர்கள்.