குழாய்ச் சத்தத்துக்குள் ஒரு ஜெபம்

பிப்ரவரி 4
என் வீட்டுக்காரர் நாற்காலிக்குக் கால் அளந்து வெட்டினார். மூன்று சரி. நான்காவது இரண்டு விரல் குட்டை. முப்பத்தோரு வருடத் தச்சர்! "மரம் சரியில்ல" என்று சமாளித்தார். மரம் பாவம், அதற்கு எதிர்த்துப் பேசத் தெரியாது.

பிப்ரவரி 9
டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். வலது கண் போனது போனதுதான். இடது கண்ணில் ஆபரேஷன் செய்து பார்க்கலாம். பார்வை திரும்பும் என்று உறுதி தர முடியாது. மார்ச் 6 என்று தேதி கொடுத்திருக்கிறார். பஸ் ஏறினோம். நான் வழி நெடுக ஜெபித்துக்கொண்டே வந்தேன்.

பிப்ரவரி 10
இந்த நோட்டு இப்போதெல்லாம் மேசைமேல் திறந்தே கிடக்கிறது. கல்யாணமான புதிதில் தையல் மிஷின் டிராயரில், துணிகளுக்கு அடியில் ஒளித்து வைப்பேன். எப்படியோ மோப்பம் பிடித்துவிடுவார். "இன்று அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை" என்று எழுதியிருந்தேன். மறுநாள் பார்த்தால் ஓரத்தில், காதில் செருகியிருப்பாரே அந்தத் தட்டைப் பென்சிலால்: "நீ பேச விட்டால்தானே." எனக்கு வந்த கோபம்! மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. அதையும் எழுதினேன். அதற்கும் ஓரத்தில் ஒரு பதில்.

பழைய நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். ஓரமெல்லாம் அவர்தான். போன ஜூனுக்குப் பிறகு ஒன்றுமில்லை. அலுத்துவிட்டது போல என்று நினைத்தேனே! அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

பிப்ரவரி 21
போதகரும் சபையாரும் வந்தார்கள். வழியோரம் உட்கார்ந்து இரக்கத்துக்காகக் கூவிய குருடனைப் பற்றி வாசித்தார்கள். நான் அடக்க மாட்டாமல் சத்தமாக அழுது ஜெபித்தேன். அவர்கள் போனதும் இவர் சீறினார். "கண்ணு என்னோடது. ஊரைக் கூட்டிக் கத்துறது நீயா? கொஞ்சம் சும்மா இரேன்."

வேதத்தில் குருடனைச் சும்மா இரு என்று மற்றவர்கள் அதட்டினார்கள். இங்கே குருடன் என்னை அதட்டுகிறார் — ஐயோ, அந்த வார்த்தையை எழுதிவிட்டேனே. ஆண்டவரே, மன்னியும். ஆனா நான் கத்தாம வேற யாரு கத்துவா? இந்த மனுஷன் ஆமென் சொல்றதே உதட்டுக்குள்ளதானே!

மார்ச் 2
வாய்க்குள்ளேயே ஜெபிக்கிறேன். பழக்கமில்லை, பாதியில் சத்தம் வந்துவிடுகிறது.

மார்ச் 5
நாளை ஆபரேஷன்.

காலையில் குளிக்கப் போனவர் குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். வாளி நிரம்பி வழிகிற சத்தம். நிறுத்தச் சொல்லலாம் என்று கதவருகே போனேன். உள்ளே அவர் குரல். "எனக்கு இரங்கும் ஆண்டவரே. இரங்கும். நீரும் தச்சர்தானே... கை சும்மா இருந்தா எப்படி இருக்கும்னு உமக்குத் தெரியாதா?" அப்புறம் ஓவென்று அழுகை.

இத்தனை வருடத்தில் அவர் ஜெபித்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை. தண்ணீர் போனால் போகட்டும் என்று திரும்பி வந்துவிட்டேன். கேட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டேன், சாகும்வரை.

மார்ச் 7
கட்டைப் பிரித்தார்கள். "எத்தனை விரல்?" என்றார் டாக்டர். "வெளிச்சமா இருக்கு. அவ்வளவுதான்" என்றார் இவர். பொறுத்துப் பார்க்க வேண்டுமாம். நான் வராந்தாவில் போய் அழுதேன்.

மார்ச் 15
புகை மாதிரி தெரிகிறதாம். மேலே கேட்டால் எரிந்து விழுகிறார்.

மார்ச் 29
எழுத உட்கார்ந்து நோட்டைப் புரட்டினேன். மார்ச் 5-ஆம் தேதிக்குப் பக்கத்தில், ஓரத்தில், தட்டைப் பென்சில் எழுத்து. கோணல்மாணலாக ஏறி இறங்கி, என் எழுத்தின் மேலேயே இடித்துக்கொண்டு:

"குழாய்ச் சத்தத்திலுமா கேட்டது?"

அவர் வாசலில் அந்த நாற்காலியின் குட்டைக் காலை மாற்றிக்கொண்டிருக்கிறார், ஒன்றுமே தெரியாதவர் போல. நானும் ஒன்றுமே பார்க்காதவள் போல நோட்டை மூடினேன்.

இனி இந்த நோட்டை மேசைமேல் போட்டு வைக்க முடியாது. டிராயரில் துணிகளுக்கு அடியில் ஒளித்துவிட வேண்டியதுதான். அவருக்குத் தெரிந்த இடம்.