முதல் சத்தம்

அன்புள்ள மாமாவுக்கு, பொற்கொடி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முதுகுவலி தேவலையா? அத்தை சௌக்கியமா? உங்களிடம் விட்டுவந்த என் மகள் நிலா அடம்பிடிக்கிறாளா?

போனை எடுக்கவில்லை என்று கோபப்படாதீர்கள். கம்பெனியில் மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தித் தொண்டையில் கட்டி வந்துவிட்டது. பெங்களூர் ஆஸ்பத்திரியில் சின்ன ஆபரேஷன்தான். அதன்பின் ஒரு வாரம் பேசக்கூடாது என்றார்கள்; நாளையோடு முடிகிறது.

பக்கத்துக் கட்டிலில் லூசியா என்ற பிரேசில் பாடகி. அவளுக்கும் இதே ஆபரேஷன், எனக்கு ஒரு நாள் முன்பு. போனில் மொழிபெயர்த்துக் காட்டித்தான் பேசிக்கொள்வோம். பன்னிரண்டு வயதில் பஸ்ஸில் பாடியவள், பிறகு தானே பாட்டெழுதி நாடு நாடாகப் போனாளாம். இங்கே மேடையில், பாதிப் பாட்டில் குரல் நின்றுவிட்டது.

இன்று காலை டாக்டர் அவளை "ஆ" சொல்லச் சொன்னார். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றபோது கரகரவென்று யாருடைய குரலோபோல் ஒரு சத்தம் வந்தது. லூசியா பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு உங்க முறைம்மா" என்று என்னிடம் சொன்னாள் நர்ஸ்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் என் கம்பெனித் தோழி செல்வராணியிடம் வெந்நீர் பிளாஸ்க்கும் என் சால்வையும் கொடுத்தனுப்புங்கள். நாளை நான் போன் செய்தால் நிலாவிடம் கொடுக்காதீர்கள், நீங்களே எடுங்கள். "இது அம்மா இல்ல" என்று குழந்தை சொல்லிவிட்டால் தாங்கமாட்டேன்.

செல்வராணிக்கு பஸ் வந்துவிடும், நிறுத்துகிறேன்.

பொற்கொடி