முத்தையா கிண்ணமும் ஒரு பச்சை ஜெர்சியும்

கோல் கம்பத்துக்குப் பின்னால் முப்பது வருஷம் கால் கடுக்க நின்ற என் அண்ணனுக்கு,

உன் தங்கை சரசு எழுதுகிறேன். அழுதுகொண்டு எழுதவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வயிறு எரிகிறது. கியா பார்ம் சந்தையில் என் பழக்கடைக்கு வந்த ஒருவர் ஸ்ட்ராபெரி புளிக்குமா என்று கேட்டார். நான் எரிந்து விழுந்த வேகத்தில் மனுஷன் மறு பேச்சு பேசாமல் இரண்டு டப்பா வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

உன் பேரில் கால்பந்துப் போட்டிக்குக் கிண்ணம் வைத்திருக்கிறார்கள் அண்ணே. 'முத்தையா நினைவுக் கிண்ணம்.' பாடாங் மைதான வாசலில் பேனர் கட்டி, உன் முகத்தைப் பெரிதாகப் போட்டு, 'நம் அணியின் பன்னிரண்டாவது ஆட்டக்காரர்' என்று எழுதியிருக்கிறார்கள். உனக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை.

நம் தோட்டத்துப் பாடாங், மலையை வெட்டிச் செய்தது. பந்து வெளியே போனால் தேயிலைச் செடிகளுக்குள் புகுந்து சரிவில் உருண்டுவிடும். அதைத் தேடி எடுத்து வந்தவன் நீதான். யாரும் உன்னை அந்த வேலைக்கு வைக்கவில்லை. ஆறு நாள் பேக்டரியில் கொழுந்து வாட்டிவிட்டு, ஏழாம் நாள் சரிவில் ஏறி இறங்குவாய். மேலே வேறு பந்தை வைத்து ஆட்டம் நடக்கும், கோலும் விழும். நீ மூச்சு வாங்க ஏறி வந்து, "யாருடா போட்டான்? நம்மாளா?" என்று கேட்பாய். நம் டீம் போட்ட கோல்களில் பாதியை நீ காதால்தான் கேட்டிருக்கிறாய்.

நுரையீரலில் நீர் கோத்து மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாயே, டீம்காரர்களில் ஒருவராவது எட்டிப் பார்த்தாரா? நீ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாய். "மேட்ச் இருக்கும் லா, அதான் வரல" என்று எனக்கே சமாதானம் சொன்னாய். அங்கே வைத்துத்தான், "சரசு, நான் போனா நம்ம டீமு மஞ்ச ஜெர்சி போட்டு அனுப்புறியா?" என்றாய்.

நீ போன அன்று காலையிலேயே டீம் தலைவர் குணாவின் வீட்டு வாசலில் போய் நின்றேன். பல் தேய்த்துக்கொண்டே பதில் சொன்னான். "அக்கா, ஜெர்சி ஆடுறவங்களுக்கு மட்டுந்தான் லா. ஒன்னு கொறஞ்சாலும் செட்டு கெட்டுரும்."

அதைக் கேள்விப்பட்டு பிம் வந்தான். நேபாளத்திலிருந்து வந்து நம் மலையில் மெஷின் பிடித்துக் கொழுந்து வெட்டுகிறவன், டீமின் கோல்கீப்பர். அவனுடைய தமிழெல்லாம் உன் வாயைப் பார்த்துப் பிடித்தது. அதில் முக்கால்வாசி நடுவரைத் திட்டும் வார்த்தைகள். கோல்கீப்பருக்கென்று தனியாக உள்ள தன் பச்சை ஜெர்சியை மழைக்கோட்டுக்குள் மறைத்துக் கொண்டு வந்தான். துவைத்திருந்தான், இந்தக் குளிரில் காயவில்லை. "மஞ்ச இல்ல அக்கா. என்கிட்ட இதான் இருக்கு" என்றான். அடுப்பில் காட்டிக் காயவைத்து உனக்குப் போட்டுவிட்டோம். டீமிலிருந்து உன் பாடைக்குத் தோள் கொடுத்ததும் அவன் ஒருவன்தான்.

போன ஞாயிறு கிண்ணத்தை என் கையால் கொடுக்க வேண்டும் என்று அழைத்தார்கள். போனேன். முன்வரிசை நாற்காலி, கழுத்தில் மாலை, மேஜையில் உன் படம். ஆனால் கோலில் வேறு யாரோ நின்றான். பிம் வேலைச் சட்டையோடு வெளியே நின்றுகொண்டிருந்தான். பாதி ஆட்டம் முடிந்ததும் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஜெர்சி தொலைச்சவனுக்கு டீம்ல எடம் இல்லன்னு சொல்லிட்டாங்க அக்கா."

"யாருக்குக் குடுத்தேன்னு நீ சொல்லலையா?"

"குடுத்தா குடுத்ததுதான். அத போயி சொல்லுவாங்களா?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. மாலையைக் கழற்றி நாற்காலியில் வீசினேன். உன் படத்தைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு குணாவிடம் போனேன்.

"ஜெர்சி தொலையல. எங்கண்ணன் போட்டுக்கிட்டுப் போயிருச்சு. வேணும்னா சாம்பல்ல போயித் தேடு!"

"அக்கா, ஆளுங்க பாக்குறாங்க லா."

"பாக்கட்டும். பிம் எறங்குனா எங்கண்ணன் பேரு இருக்கட்டும். இல்லன்னா பேனரக் கழட்டு. இப்பவே கழட்டு!"

கோலில் நின்றவன் தானாகவே வந்து கையுறையைக் கழற்றி பிம்மிடம் கொடுத்தான். பிம் அந்த வேலைச் சட்டையோடே இறங்கினான்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு கோல் விட்டான் அண்ணே! ஒன்று பனி மூடிய நேரம், போகட்டும். இன்னொன்று கால்களுக்கு நடுவே போனது. உன் பேரில் வைத்த கிண்ணத்தை எதிர் டீமான கம்போங் ராஜாக்காரர்கள் கொண்டுபோனார்கள், நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நம் ஆட்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பார்த்துக்கொள்ளட்டும்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது குணா பக்கத்தில் வந்தான். "அக்கா, அண்ணே இருந்தப்பவே ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஒரு ஜெர்சி குடுத்திருப்போம் லா. அவரு ஒன்னுமே கேட்டதில்லையே" என்றான்.

செத்த அன்றைக்கு நான் வந்து கேட்டேனே, அது என்ன என்று அவனைக் கிழித்துத் தொங்கவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. முழுப் பொய் என்று தள்ள முடியவில்லை. முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட ஏன் அண்ணே கேட்கவில்லை? இல்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு அங்கே போய் நிற்பது என்று பயந்தாயா? ஆஸ்பத்திரியிலும் என்னிடம்தானே சொன்னாய், அவர்களுக்கு ஒரு போன் போட்டாயா? எனக்கு இருக்கும் கோபத்தில் பாதி உன் மேல்தான், தெரிந்துகொள்.

பிம்மும் உன்னைப் போலத்தான். கொடுப்பான், வாயைத் திறக்க மாட்டான். அவனுக்கு இன்னும் ஜெர்சி வரவில்லை. நேற்றுக் குணாவைக் கேட்டேன், "பாக்கலாம் லா" என்றான். இன்று காலை கடைக்குப் போகும் வழியில் மறுபடியும் நிறுத்திக் கேட்டேன். நாளைக்கும் கேட்பேன்.

எனக்குப் பந்து ஆட்டம் பிடித்ததே இல்லை. இருந்தாலும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்: இனி ஞாயிறு தவறாமல் பாடாங்குக்குப் போவேன். கோலுக்குப் பின்னால் நிற்க மாட்டேன், சரிவில் இறங்கிப் பந்தும் பொறுக்க மாட்டேன். குணாவின் காதுக்குப் பக்கத்தில் நிற்பேன். பிம்முக்கும் அவனைப் போன்ற ஆட்களுக்கும் என்னென்ன வர வேண்டுமோ எல்லாவற்றையும் கேட்பேன். இல்லை என்று சொல்லட்டும், இனிமேல் வராதே என்றும் சொல்லட்டும். அந்தப் பாடாங்கில் எனக்கென்று இருந்தது நீ ஒருவன்தான். உன்னையே கொடுத்துவிட்ட பிறகு நான் யாருக்குப் பயப்பட வேண்டும்?

உன்னைப் போல் அடங்கிப் போகத் தெரியாத,
உன் கூடப்பிறந்தவள்
சரசு