கோமகள் வாழ்க என்னும் கடவுச்சொல் குறித்துப் புன்னைத்துறைக்கு விடுத்த ஓலை

நலம் பெருகுக, மழை தவறாதிருக்க. கடலும் கழனியும் காக்கும் கீழைப்பொழில் நாட்டரசி, அலைவாய்க்கோட்டை அரியணையில் வீற்றிருக்கும் கோமகள் ஆழிநங்கை, புன்னைத்துறைக் காவலர் பொறையன் விழுப்பரையர்க்கு விடுக்கும் ஓலை. உம் துறை வாழ்க, கலங்கள் வாழ்க. உம்மை வாழ்த்த இன்று எமக்கு மனமில்லை.

துறையின் வரைபடத்தைப் பகைவர்க்கு அனுப்பினாள் என்று பழி சுமத்தி, கயிறு திரித்துப் பிழைக்கும் அல்லியங்கோதையைச் சிறையிலிட்டு, வரும் வெள்ளியன்று தலைகொய்ய நாள் குறித்தீர். படம் அவள் வீட்டு ரவுட்டர் என்னும் இணையப் பெட்டி வழியே சென்றது என்பதே உம் சான்று. எம் இணையக் கண்காணியர் அப்பெட்டியை ஆராய்ந்தனர். கடலுக்கு அப்பாலிருந்த பகைவனொருவன் அதன் கடவுச்சொல்லைத் தட்டி உட்புகுந்து, தன் களவை அவள் தலையில் கட்டியிருக்கிறான். முதல் முயற்சியிலேயே திறந்ததாம். திறவாமல் என்ன செய்யும்? நீர் நானூறு வீடுகளுக்கு வழங்கிய பெட்டிகள் அனைத்திலும் 'கோமகள்வாழ்க' என்ற ஒரே சொல்லன்றோ! வரைபடம் அவளிடம் ஏது? அது இருந்தது உம் வீட்டுக் கணினியில்; உம் பெட்டியும் அதே சொல்லுக்குத்தான் திறந்தது.

சொல்லை மாற்றுக, பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிக்க என்று மும்முறை எழுதினோம். நீரோ, எம் வாழ்த்தை நீக்குவோர் எமக்குக் கேடு நினைப்போர், அவர் கை வெட்டப்படும் என்று பறையறைந்தீர். முகத்துதிக்கும் ஓர் அளவு வேண்டாமா? வீட்டைப் பூட்டிச் சாவியை வாசற்படியில் வைத்தீர். கள்வன் வந்ததும் வீட்டுக்காரியைப் பிடித்தீர்.

அவள் விசாரணையில் உரைத்ததை எழுத்தர் அவ்வாறே எழுதியனுப்பினார்: "மாத்தினா கை போகும்னீங்க. மாத்தாம விட்டேன். இப்பத் தலை போகுதுங்கிறீங்க." இதைப் படித்து யாம் வெட்கினோம்.

ஆதலின் இவ்வோலை கண்ட கணமே அவளை விடுவித்து, அவள் முன்னே நடக்க நீர் பின்னே நடந்து வீடு சேர்ப்பீராக. ஊரார் கேட்கப் பிழை பொறுக்க வேண்டுவீராக. அவள் புதுச்சொல் இடுகையில் புறம் திரும்பி நிற்பீராக, யாதென வினவலாகாது. மற்ற வீடுகளிலும் அவ்வாறே நின்று, உம் வீட்டுப் பெட்டியைக் கடைசியில் மாற்றி, அதன்பின் உம் காவற்கோலை இவ்வோலை கொணர்ந்தவரிடம் ஒப்படைப்பீராக.

இது எம் கைச்சாத்தும் சங்கு முத்திரையும் இட்ட ஆணை. அவள் இடும் சொல் எம்மை ஏசுவதாயினும் ஏசுக. வேறெவரும் அறியாதிருந்தால் போதும்.