கொம்பில் தாடை

ஜனவரி 9

டேய் கீச்சான்,

நலமா என்று கேட்காதே. கேட்டால் பொய் சொல்ல வேண்டி வரும். சொல்வது நான், எழுதுவது கீழ்வீட்டுத் தையல்காரம்மா. உன் கடிதத்தையும் அவள்தான் என் இடது காதுக்குள் கத்திப் படித்தாள். வலது காது போன மழைக்காலத்தோடு போயிற்று. இடதும் கிளம்பிவிட்டது. நரம்பு பட்டுப்போகிறதாம், கோடை வரை தாங்கினால் அதிர்ஷ்டம் என்கிறார் டாக்டர். முதலில் குருவி போச்சு. அப்புறம் குழந்தைகள் குரல். இவள் மிஷின் ஓடுவதைக்கூட இப்போது பாதத்தால்தான் தெரிந்துகொள்கிறேன். எழுத்து தெரியாதவனுக்குக் காதும் போனால் என்னடா மிச்சம்?

உன் வாத்தியக் கடை ஜன்னலில் இருக்கிற பேஸ் கிட்டாரின் படம் அனுப்பினாயே, அது என் தலையணைக்கு அடியில் இருக்கு. நடுவில் தேன் நிறம், ஓரமெல்லாம் கருகல். நாலு தடிக் கம்பி. கம்பி முடிகிற இடத்தில் இரும்பு மூடி. அதுக்குள்ளே கம்பி அதிர்வை அமுக்குகிற ஸ்பாஞ்சுத் துண்டு இருக்கா, பார்த்துச் சொல். நாம் வாசித்த ஆடல் மண்டபத்தில் என் கையில் இருந்தது அச்சாக இதேதான். கையில் இருந்ததே தவிர என்னுடையது இல்லை. கடைசிப் பாட்டு முடிந்ததும் முதலாளி வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். கட்டினவளை மாமனார் வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறவன் மாதிரி வெறுங்கையோடு வீட்டுக்கு நடப்பேன்.

அதை யாருக்கும் கொடுத்துவிடாதே. எனக்கு வேணும்.

உன்
தடிக்கம்பி


ஜனவரி 20

அன்புள்ள தடிக்கம்பிக்கு,

(தையல்காரம்மா, கொஞ்சம் மெதுவாகக் கத்துங்கள், தெருவே கேட்கப்போகிறது.)

உன் காதைப் பற்றிப் படித்த பிறகு இரண்டு நாள் கடையில் ரேடியோவே போடவில்லை.

ஸ்பாஞ்சு இருக்கிறது, மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஆனால் இது பழசு இல்லையடா. புதுசாகச் செய்து, பழசு மாதிரி தெரியட்டும் என்று தொழிற்சாலையிலேயே வார்னிஷை உரசி உதிர்த்து அனுப்புகிறார்கள். நம்மை யாரும் உரசவில்லை, நாமே உதிர்ந்துவிட்டோம்.

இதை ஒரு கல்லூரி வாத்தியார் கேட்டு வைத்திருக்கிறார். கோபிக்காதே. நீ கம்பியைத் தட்டிவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் "சத்தம் வந்துச்சா?" என்று கேட்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. காது மிஷின் வைத்துக்கொள். கிட்டார் வேண்டாம்.

என்றும் உன்
கீச்சான்


பிப்ரவரி 2

டேய்,

வேண்டாம் என்று சொல்ல நீ யார்? மிஷினெல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. காதுக்குள் எலி குடும்பம் நடத்துகிற மாதிரி இருக்கு.

மண்டபத்தில் ஒரு தடவை கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற என் ஆம்ப் பெட்டி புகைந்து செத்ததே, மறந்துவிட்டாயா? எனக்கு மறக்காது. பல் டாக்டர் மகளின் கல்யாண விருந்து. நீ மஞ்சள் சட்டை, மூணாவது பொத்தான் இல்லை. நிறுத்தலாமா என்று டிரம்ஸ்காரன் கண்ணால் கேட்டான். நான் குனிந்து, கிட்டார் உடம்பில் மேலே நீட்டிக்கொண்டிருக்கிற கொம்பில் தாடையை வைத்தேன். கம்பி பேசினது பல்லுக்குள் வந்தது. கூட்டத்துக்குக் கேட்கவில்லை, உங்களுக்கும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் மண்டை முழுக்க. மிச்சக் கச்சேரி பூராவும் அப்படியே வாசித்தேன். "கிட்டாரைக் கடிச்சுத் திங்கிறான் பாரு" என்று நீதான் சிரித்தாய்.

அதுக்குத்தான் கேட்கிறேன். படுத்துக்கொண்டு நம் பாட்டையெல்லாம் தலைக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். உன் கிட்டார் வருது, டிரம்ஸ் வருது. என் பங்கு மட்டும் வர மாட்டேன் என்கிறது. விரலுக்கு ஞாபகம் இருக்கு, சத்தம் இல்லை. அந்தச் சத்தம் இல்லாமல் போய்ச் சேர எனக்குப் பயமாக இருக்குடா. என் சொந்தக் கிட்டாரில் தாடையை வைக்கணும். முடிந்ததும் யாரும் வாங்கிப் பூட்டக் கூடாது. கெஞ்சுகிறேன். 'கெஞ்சுகிறேன்' என்றே எழுதவா என்கிறாள் தையல்காரம்மா. எழுது, இரண்டு தடவை எழுது என்கிறேன். கெஞ்சுகிறேன்.

தடிக்கம்பி


பிப்ரவரி 14

அடேய் தடிக்கம்பி,

பொத்தான் விஷயம் நிஜம்தான். படித்ததும் என்னையறியாமல் சட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

கடைக் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னலில் இருந்ததை இறக்கினேன். கொம்பில் தாடையை வைத்தேன். தடிக் கம்பியைத் தட்டினேன். அடப்பாவி, இத்தனை வருஷமும் இதை நீ மட்டும் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தாயா?

வாத்தியாருக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். இனி அது உன்னுடையது. பார்சலில் போட மனசில்லை. வருகிற வியாழக்கிழமை காலை ரயிலில் நானே தூக்கிக்கொண்டு வருகிறேன். உன் அறையில் அலமாரி ஏதாவது இருந்தால் சாவியைத் தூக்கி எறி.

கீச்சான்


பிப்ரவரி 18

கீச்சான்,

உன் கடிதம் நேற்று வந்தது. அதுக்கு முந்தின நாள் இடது காதும் கதவைச் சாத்திக்கொண்டது. தையல்காரம்மா கத்தினாள். கழுத்து நரம்பு புடைப்பது தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு.

அவள் தலையணைக்கு அடியிலிருந்து படத்தை எடுத்து, கிட்டார் மேல் விரலை வைத்தாள். அப்புறம் வாசலைக் காட்டினாள். புரிந்துவிட்டது. வாசல் தாண்டிப் போய்விட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். ஆமாம், இனி இல்லைதான். அப்புறம் சிரித்துக் காட்டினாள். ஆறுதலுக்குச் சிரிக்கிறாள், பாவம்.

நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. கத்துகிறேனா, முனகுகிறேனா, தெரியாது. இவள் பேனா ஓடுவதை வைத்துத்தான் பேசுகிறேன் என்று தெரிகிறது. கட்டில் சட்டத்தில் தாடையை வைத்துப் பார்த்தேன். ஜன்னல் கம்பியில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் சும்மா கிடக்கு.

இனி எழுதாதே. எழுதினாலும் எனக்கு வந்து சேராது. உன் மேல் கோபமில்லை. அந்த வாத்தியாரிடம் மட்டும் சொல். கொம்பில் ஒரு தடவையாவது தாடையை வைத்துப் பார்க்கச் சொல்.

தடிக்கம்பி

ஐயா, அவர் சொன்னதில் ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதினேன். எழுதுகிற நடுவிலும் எழுந்து எழுந்து, நீங்கள் கொண்டு வருவதை ஜாடையில் காட்டினேன். என் முகத்தைப் பார்க்கவே மாட்டேன் என்கிறார். படத்தையும் இதோடு வைத்து உங்களுக்கே அனுப்பிவிடச் சொன்னார். தபாலில் போடவில்லை, நீங்கள் வந்ததும் கண்ணில் படும்படி அவர் வாசல் கதவில் செருகி வைக்கிறேன். நாளை வியாழன். கதவைத் தட்டாதீர்கள், கேட்காது. திறந்தே வைத்திருக்கிறேன்.

கீழ்வீட்டுத் தையல்காரி